அரைமணி நேர அமைதி

இந்த மேசையைத் துடைத்து வைத்திருக்கிறீர்கள் மேடம், அதற்கு முதலில் ஒரு நன்றி. காவல் நிலையம் என்றால் டீ கிளாஸ் வட்டங்களும் எச்சில் கறையும் இருக்கும் என்று பயந்துகொண்டுதான் வந்தேன். நாற்காலியை மட்டும் நானே ஒரு முறை துடைத்துக்கொண்டேன். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் வியர்வைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்.

கேட்டதற்கு வரிசையாகவே சொல்கிறேன். வரிசை தப்பினால் எனக்கே பிடிக்காது.

கல்லூரியில் நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதோடு பதினோரு வருடமாக ஒழுங்குக் குழுவின் பொறுப்பும் என்னிடம்தான். மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சோப்பு'. கழிப்பறைச் சுவரில் அதைப் படித்தபோது, 'ப்' எழுத்தின் புள்ளியை விட்டுவிடாமல் எழுதியிருந்தார்கள் என்பதில் ஒரு திருப்தி. சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு ஒரு பதவியே போட்டது.

உங்களுக்குக் கல்லூரி வகுப்பறை மறந்திருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அறுபது பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன வாசனை வரும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. நகத்தைக் கடித்துத் துப்புவார்கள். பருவைக் கிள்ளிவிட்டு அந்த விரலாலேயே விடைத்தாளை நீட்டுவார்கள். பெஞ்சுகளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சூயிங்கத்தை ஒரு விடுமுறையில் எண்ணிப் பார்த்தேன். ஒரே அறையில் நானூற்றுப் பன்னிரண்டு. புள்ளியியல்காரனால் எண்ணாமல் இருக்க முடியாது.

எல்லாவற்றிலும் அசிங்கமானது ஃபோன்தான். காது மெழுகு, கன்னத்து எண்ணெய், கழிப்பறை, சாப்பாடு, எல்லாம் அந்த ஒரு கண்ணாடியில் இருக்கும். வகுப்பில் பிடிபடும் ஃபோனைப் பறிமுதல் செய்வது என் வேலை. அதை ஒரு தாளால்தான் எடுப்பேன். பழுப்புக் கவரில் போட்டு, பதிவு எண் எழுதி, என் அறை பீரோவில் வைப்பேன். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் திருப்பிக் கொடுப்பேன். எந்த ஃபோனின் பொத்தானையும் நான் இதுவரை தொட்டதில்லை. மற்றவர்கள் பிடுங்கியதும் அணைத்துவிட்டு வைப்பார்களாம். அணைப்பதற்கு அதைத் தொட வேண்டுமே.

இனி அந்தப் பையன். முதல் வருடம், இரண்டாவது பெஞ்சு, சுவரோரம். அவனுக்கு விடுதியில் வைத்த பெயர் 'சளி'. அந்தப் பெயரை வைத்தவன் மேல் எனக்கு மரியாதை உண்டு. பையனுக்கு மூக்கு ஒழுகும். ஜலதோஷம் வந்து போவதுபோல் இல்லை. வருடம் முழுக்க, குழாயில் வாஷர் போனதுபோல். துடைக்கவும் மாட்டான், சிந்தவும் மாட்டான். உள்ளே இழுப்பான். நிமிடத்துக்குச் சராசரியாக ஒன்பது. நான் போர்டில் எழுதிக்கொண்டிருப்பேன். பின்னால் அந்த ஈரமான இழுப்பு கேட்கும். அது தொண்டைக்குள் இறங்குவதும் கேட்கும். ஒரு செமஸ்டர் முழுக்க நான் மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். இதை யாரும் எழுத்தில் புகாராகக் கொடுக்க முடியாது, கவனித்தீர்களா. மூக்கு உறிஞ்சுவதற்கு எதிராகக் கல்லூரியில் விதி இல்லை.

ஃபோனுக்கு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று இருபத்திரண்டுக்கு அவன் ஃபோனை எடுத்து நோட்டுக்கு அடியில் வைத்தான். பாடம் முடியட்டும் என்று காத்திருந்து, என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"எதுக்குடா எடுத்தே?"

"ரெக்கார்ட் பண்றதுக்கு சார். குனிஞ்சு எழுதினா ஒழுகுது. நோட்டெல்லாம் நனைஞ்சிடுது. பசங்க சிரிக்கிறாங்க. அதான் நீங்க சொல்றத ரெக்கார்ட் பண்ணிட்டுப் போய், ரூம்ல படுத்துட்டே எழுதிக்கிறேன்."

சொல்லி முடிப்பதற்குள் நான்கு முறை இழுத்தான். நான் ஃபோனைத் தாளால் பிடித்துக் கவரில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன். திரை இருட்டாகத்தான் இருந்தது.

"அம்மாவுக்குச் சாயங்காலம் பேசணும் சார். பேசலேன்னா பயந்துடுவாங்க."

"அம்மாவை வரச் சொல்லு. வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கட்டும்."

"ஃபோனை நீங்க வெச்சுக்கிட்டு, எப்படி சார் வரச் சொல்றது?"

கேள்வி சரியான கேள்விதான். ஆனால் சொல்லிவிட்டு இழுத்தான். ஆகவே அரைமணி நேர அமைதி கொடுத்தேன்.

அமைதி என்பது என் ஏற்பாடு. நான் அடிப்பதில்லை, கத்துவதில்லை, பெற்றோரை அவமானப்படுத்துவதில்லை. பழைய தேர்வுக் கட்டடத்துக்குக் கீழே ஏழு படி இறங்கினால் விடைத்தாள் அறை. மூன்று வருட விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாக அங்கேதான் போட்டு வைத்திருக்கிறோம். ஜன்னல் இல்லை. கதவுக்கு மேலே கையகல ஓட்டை, கதவு இரும்பு. தவறு செய்தவன் அங்கே அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து யோசிப்பான். முதல்வருக்கும் தெரியும். ஆண்டறிக்கையில் அதை 'தனிநபர் ஆற்றுப்படுத்தல்' என்று எழுதியிருக்கிறார். சென்ற வருடம் நாற்பத்தேழு பேர் ஆற்றுப்படுத்தப்பட்டார்கள்.

இனி தேடலுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் என் உழைப்பு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனின் அம்மா வந்தார். தையல்காரர். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். வெள்ளியும் சனியும் மகன் பேசவில்லை. விடுதியில் ஊருக்குப் போயிருப்பான் என்றிருந்தார்கள். ஊரில் விடுதியில் இருப்பான் என்றிருந்தார்கள். மதியம் நீங்கள் வந்தீர்கள். உங்களிடமும் அவரிடமும் நான் எதையும் மறைக்கவில்லை. ஃபோனைப் பிடுங்கினேன் என்றேன். கோபப்பட்டான் என்றேன். மூன்று ஐம்பதுக்கு என் அறையைவிட்டுப் போனான் என்றேன். ஒவ்வொன்றும் உண்மை. என் அறையைவிட்டு எங்கே போனான் என்று நீங்கள் கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் முன்பே தெரிந்திருந்தது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஃபோனைப் பிடுங்கினா உயிரைப் பிடுங்கின மாதிரி," என்றார் முதல்வர். "ரெண்டு நாள் கோவத்துல சுத்திட்டுத் தானா வருவான்மா. என் பையனும் இப்படித்தான்."

"அவனுக்குக் கோவமே வராது சார்," என்றார் அந்த அம்மா. "வந்தா மூக்குதான் ஒழுகும்."

கல்லூரியில் அன்று தர ஆய்வுக் குழு வேறு தங்கியிருந்தது. சனி முதல் திங்கள் வரை மூன்று நாள். ஆகவே பையனைச் சத்தம் இல்லாமல் தேட வேண்டும் என்று முடிவாயிற்று. தேடுதல் குழு அமைத்தோம், தலைவர் நான். அதற்குக் கீழே களக் குழு, சுவரொட்டிக் குழு, சிற்றுண்டிக் குழு. மூன்றில் சிற்றுண்டிக் குழுதான் சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்தது.

சுவரொட்டியின் முதல் பிரதியைப் பார்த்த முதல்வர், கல்லூரிச் சின்னம் சிறியதாக இருக்கிறது என்றார். பெரிதாக்கினோம். வழிகாட்டுகிறோம் ஒளியேற்றுகிறோம் என்ற வாசகமும் வேண்டும் என்றார். போட்டோம். மிச்ச இடத்தில் பையன் முகம். "இது பையனா, ஸ்டாம்பா சார்?" என்று காவலாளி கேட்டார். எங்களிடமிருந்த அவனுடைய ஒரே படம் அடையாள அட்டைப் படம். அதிலும் மேலுதடு மினுங்கியது.

களக் குழுவை நான் பகுதி பகுதியாகப் பிரித்தேன். மைதானம், பின்பக்கப் புதர், தண்ணீர்த் தொட்டி, விடுதிக் கூரை. பழைய தேர்வுக் கட்டடத்தை என் பெயருக்கு எழுதிக்கொண்டேன். தூசி அதிகம், பிள்ளைகளுக்கு ஆகாது என்றேன். மாணவர்கள் கைகோத்து வரிசையாக மைதானத்தில் நடந்தார்கள். மூன்று ஒற்றைச் செருப்பு, ஒரு சட்டை, இரண்டு வருடம் முன்பு காணாமல் போன முதல்வரின் குடை, இவ்வளவும் கிடைத்தன. முதல்வர் குடையை விரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். திங்கட்கிழமை வருகைப் பதிவில் பையனுக்கு இரண்டாம் நாளாக ஆப்சென்ட் விழுந்ததால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ போனது. என் கையெழுத்துதான். ஒருவன் காணாமல் போனால் அவனுக்கு மெமோ கிடையாது என்று விதியில் எங்கேயும் இல்லை.

ஞாயிறு மதியம் விதிப்படி அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஃபோனைக் கொடுத்தேன். சார்ஜ் போய்க் கிடந்தது. உங்கள் ஏட்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார். பூட்டுத் திரை எண் கேட்டது. அம்மா பிறந்தநாளை அடித்தார். இல்லை. அவன் அப்பா இறந்த தேதியை அடித்தார். இல்லை. அரை நிமிடம் காத்திரு என்றது. பிறகு ஐந்து நிமிடம் என்றது. அவர் விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். என் மேசையில்தான் நடந்தது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அதுல அவன் கூட்டாளிங்க நம்பர் இருக்கும் சார். எப்படியாவது திறந்துட்டா கண்டுபிடிச்சிடலாம்."

"அவன் போனதுக்கு முன்னாடியே ஃபோன் என் பீரோவுக்குள்ள வந்துடுச்சும்மா," என்றேன். "அதுக்கப்புறம் நடந்தது அதுல எப்படி இருக்கும்?"

உங்கள் ஏட்டும் அதையே சொன்னார். முதல்வரும் தலையாட்டினார். நானும் மனதார நம்பினேன். இதுதான் என் தவறு; இதைத் தவறு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஃபோனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் அருவருப்பு. பூட்டிய ஃபோன் பூட்டிய அறை மாதிரி என்று நினைத்திருந்தேன். திரை அணைந்திருந்தாலும் உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா பையிலிருந்து மூச்சுமருந்துக் குப்பி ஒன்றை எடுத்தார். வாயில் வைத்து அழுத்துவார்களே, அது. "வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டான். இது இல்லாம தூசியில அவனால இருக்க முடியாது. மூக்கை உறிஞ்சுறான்னு கோவிச்சுக்காதீங்க சார், அது மூச்சுக்காகத்தான். முதல்ல யார் பார்த்தாலும் இதைக் கொடுத்துடச் சொல்லுங்க."

தேடுதல் குழுத் தலைவர் என்பதால் என்னிடம் கொடுத்தார். வாய் படுகிற இடத்தில் காய்ந்த எச்சில் வெள்ளையாக இருந்தது. கவரில் போட்டு, பதிவு எண் எழுதி, பீரோவில் வைத்தேன். நீங்கள் அதை எடுத்திருப்பீர்கள். மேல் தட்டு, இடமிருந்து மூன்றாவது.

செவ்வாய்க்கிழமை பையனின் தங்கை என் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்துப் பெண். ஏட்டு ஃபோனை நீட்டினார். ஒரு தடவை அடித்தாள், திறந்தது.

"என்ன பாப்பா நம்பர் அது?" என்றார் அம்மா.

"உன் தையல் மெஷின்ல அடிச்சிருக்கிற நம்பர்மா. தினம் அது முன்னாடிதானே உக்காந்திருக்கே."

அந்த அம்மா சிரிக்கப் போனார், பாதியில் நின்றுவிட்டது. நான் திரையைப் பார்த்தேன். ஒலிப்பதிவு, இருபத்தாறு மணி பதினான்கு நிமிடம் என்றிருந்தது. மனக்கணக்கு எனக்குப் பழக்கம். வெள்ளி மூன்று இருபத்திரண்டிலிருந்து சனி மாலை ஐந்து முப்பத்தாறு வரை, என் பீரோ என் அறையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் இயர்ஃபோனை மாட்டினீர்கள். அந்தப் பஞ்சு அடுத்தவர் காதிலிருந்தது, துடைக்கக்கூட இல்லை. நானே உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தினேன். முதல் ஒரு மணி நேரத்தையும் சனிக்கிழமை காலை எட்டு மணி வாக்கிலும் கேட்டால் போதும் மேடம் என்றேன். பிறகு சாவியை ஒரு தாளில் வைத்து உங்கள் பக்கம் தள்ளினேன். நான் ஒத்துழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லியும் பதிவாக வேண்டும் என்கிறீர்கள், சரி.

வெள்ளிக்கிழமை நான்கு இருபதுக்கு நான் அவனைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். அப்போது முதல்வர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆய்வுக் குழுவுக்கு வரவேற்புப் பலகையில் எழுத்துப் பிழை. "கண்ல படக் கூடாததெல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்று கேட்டார். "எல்லாத்தையும் உள்ள வெச்சுப் பூட்டியாச்சு சார்," என்றேன். ஐந்து மணிக்குச் சாவியோடு படி இறங்கினேன். மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மறதி ஒழுங்கில்லாதவர்களின் வியாதி. கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தொன்று. அமைதி கொடுத்த இடத்தில் சத்தம் கூடியிருக்கிறது. இந்த நிலையில் திறந்தால், சத்தம் போட்டால் திறப்பார்கள் என்றுதானே கற்றுக்கொள்வான். இன்னும் ஒரு அரைமணி என்று மேலே வந்தேன். ஐந்தரைக்கு மறுபடி இறங்கியபோது கதவை உதைத்தான். உதைக்கிறவனுக்கு உடனே திறப்பது முறையில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காவலாளி என் அறைக்கு வந்தார்.

"சார், விடைத்தாள் ரூம்ல எதுவோ தட்டுது."

"பெருச்சாளி. மருந்து வெச்சிருக்கேன். நீ திறந்துடாதே."

"பெருச்சாளி இப்படித் தட்டுமா சார்? மூணு தட்டு தட்டி நிறுத்துது. மறுபடி மூணு."

"இது படிச்ச பெருச்சாளி," என்றேன். சிரித்துவிட்டுப் போனார். என் நகைச்சுவைக்கு அவர் சிரித்தது அதுவே முதல் முறை. பதிவில் தெளிவாக இருக்கும்.

திறப்பதற்குத்தான் கீழே போனேன், நம்புங்கள். சாவியைப் பூட்டில் நுழைத்துவிட்டேன். அப்போது கதவுக்கு அடியிலிருந்து அந்த நாற்றம் வந்தது. ஒரு இரவு முழுக்க மூடிய அறையில் ஒரு மனிதன் என்னவெல்லாம் செய்திருப்பான் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கதவிடுக்கு வழியாக ஈரம் கசிந்து என் ஷூ நுனிவரை வந்திருந்தது. தண்ணீர் கேட்டான். குரல் தரையை ஒட்டி வந்தது. வாயை இடுக்கில் வைத்துப் பேசியிருக்கிறான், அந்த ஈரத்திலேயே. கதவைத் திறந்தால் அதோடு அவன் வெளியே வருவான். என்னைத் தொடுவான். காலைப் பிடிப்பான், இந்தப் பிள்ளைகள் அப்படித்தான். ஒன்பது மணிக்கு ஆய்வுக் குழு அந்தப் படிக்கட்டைத் தாண்டிப் போகும்.

சாவியை எடுத்துத் துடைத்தேன். பழைய துடைப்பத் துணி ஒன்றைப் பினாயிலில் நனைத்து, குச்சியால் கதவிடுக்கில் நெருக்கமாக அடைத்தேன். ஆய்வுக் குழுவின் தலைவி அந்த வழியாகப் போகும்போது, உங்கள் கல்லூரியில் என்ன சுத்தமான வாசனை என்றார். குறிப்பேட்டில் எழுதியும் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் திறப்பது முந்தைய நாளைவிடக் கடினமாகிக்கொண்டே போயிற்று. நாற்றம் கூடிக்கொண்டே போகிறது, இல்லையா. கொலை செய்யும் எண்ணம் இருந்ததா என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன், இல்லை. திறக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். நேற்று நீங்கள் திறந்தபோது உங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து படியிலேயே வாந்தி எடுத்தார்கள். நான் நான்கு நாளாகச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். பினாயில் ஊற்றச் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மா மட்டும் மூக்கைப் பொத்தாமல் உள்ளே போனார். எப்படி முடிந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வெளியே வந்தபோது அவர் கையெல்லாம், சரி, அதை விடுங்கள்.

கடைசியாக எப்போது அவன் குரலைக் கேட்டேன் என்பதுதான் மிச்சம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. மேலே அந்தக் கையகல ஓட்டை வழியாகவும் நாற்றம் வரத் தொடங்கியிருந்தது. விடைத்தாள் அட்டையும் ஒட்டுநாடாவும் எடுத்துக்கொண்டு, நாற்காலி போட்டு ஏறினேன். காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். தட்டவில்லை, உதைக்கவில்லை. நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் பேசினான். என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே நான்தான் என்று தெரிந்திருக்கிறது.

"சார். இனிமே உறிஞ்ச மாட்டேன் சார். சத்தியமா."

அட்டையை வைத்து நான்கு பக்கமும் ஒட்டினேன். குமிழி இல்லாமல் நன்றாக ஒட்டியது. இறங்கி, கதவருகே கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். ஒன்றுகூட இல்லை.

இருபத்திரண்டு வருட ஆசிரியர் வேலையில் எத்தனையோ பேர் என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள் மேடம். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் அவன் ஒருவன்தான். அவனுடைய நன்னடத்தைச் சான்றிதழில் அதை எழுதலாம் என்றிருக்கிறேன்.